சூயஸ் முதல் முந்த்ரா வரை: பன்னாட்டு வணிக நடுவர் தீர்வும் ஒப்பந்தச் சட்ட வளர்ச்சியும்

1. முன்னுரை

ஒப்பந்தச் சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்டமன்றங்களையும் நீதிமன்றங்களையுமே அதன் பிறப்பிடங்களாகக் கொள்வர். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் இயற்றப்பட்டது. அதற்கு உரை கண்டவை உயர்நீதிமன்றங்களும், பிரிவுக் குழுவும், பின்னர் உச்சநீதிமன்றமும் ஆகும். இக்கூற்றில் பிழையில்லை, ஆயினும் இது முழுமையானதன்று. நீதிமன்றங்கள் ஆய்ந்து முடிவுகட்டிய புகழ்பெற்ற ஒப்பந்த வழக்குகள் பலவும் நீதிமன்றத்தில் தொடங்கியவையல்ல. எண்ணெய்வித்து வணிகரும் சர்க்கரை வணிகரும் கப்பல் உரிமையாளரும் தமக்குள் அமர்த்திக்கொண்ட நடுவர்களின் முன்னிலையில் தொடங்கி, அங்கிருந்து ஒரு குறுகிய வாயில் வழியாக நீதிமன்றத்துக்கு வந்தவை அவை.

அவ்வாயில் எவ்வாறு திறந்திருந்தது, எவ்வாறு குறுகியது, குறுகியபின் ஒப்பந்தச் சட்டத்தை உருவாக்கும் பணி எங்கே சென்றது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. நடுவர் தீர்வு ஒப்பந்தச் சட்டத்தை வளர்த்தது என்பதே பொதுவான கருத்து. தீர்வு வெளிச்சத்துக்கு வந்தபோது மட்டுமே அது சட்டத்தை வளர்த்தது என்பது இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்தாகும்.

2. வாயில் திறந்திருந்த காலம்

நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ள இயலாது என்பது பழைய ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் கொள்கை. 1856-இல் ஸ்காட் எதிர் ஏவரி என்னும் காப்புறுதி வழக்கில் பிரபுக்கள் அவை இக்கொள்கைக்கு ஒரு வரம்பு கண்டது. வழக்குத் தொடர்வதையே தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் நடுவர் தொகையை முடிவுசெய்த பின்னரே வழக்குரிமை பிறக்கும் எனத் தரப்பினர் உடன்பட்டால் அது செல்லும் என்று அவை தீர்ப்பளித்தது. இக்கருத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும் இடம்பெற்றது. சட்ட நடவடிக்கைக்குத் தடைவிதிக்கும் உடன்பாடுகள் செல்லா எனக் கூறும் 28-ஆம் பிரிவு, பிணக்கை நடுவரிடம் விடும் உடன்பாட்டைத் தன் முதல் விதிவிலக்காகக் கொண்டுள்ளது. நடுவர் தீர்வுக்கும் ஒப்பந்தச் சட்டத்துக்கும் உள்ள உறவு நம் சட்டநூலின் பாடத்திலேயே பதிந்துள்ளது என்பது இதனால் விளங்கும்.

1889-ஆம் ஆண்டு ஆங்கில நடுவர் சட்டம் அவ்வுறவுக்கு ஒரு செயல்முறையைத் தந்தது. நடுவர் தாம் கண்ட நிகழ்வுகளை எழுதி, அவற்றின்மீது எழும் சட்ட வினாவை நீதிமன்றத்துக்கு விடுக்கலாம். நிகழ்வுகளைப் பற்றிய முடிவு நடுவருடையது. சட்டத்தைப் பற்றிய விடை நீதிபதியுடையது. மாநிலத் தலைநகரங்களான சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகியவற்றை முதன்மையாகக் கருதி இயற்றப்பட்ட 1899-ஆம் ஆண்டு இந்திய நடுவர் சட்டமும், அதன்பின் வந்த 1940-ஆம் ஆண்டுச் சட்டமும் இம்முறையை ஏற்றுக்கொண்டன.

வணிகர் சிலர் இந்த வாயிலை அடைத்துவிட விரும்பினர். நீதிமன்றத்துக்கு வினா விடுக்குமாறு எத்தரப்பினரும் நடுவரைக் கேட்கக்கூடாது என்று லண்டன் சர்க்கரை வணிகர் சங்கம் ஒன்றின் விதி கூறியது. 1922-இல் சார்னிக்கோ எதிர் ராத், ஷ்மிட் என்னும் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கியது. மன்னரின் ஆணை செல்லாத நிலப்பரப்பு ஒன்று இங்கிலாந்தினுள் இருத்தலாகாது என்னும் கருத்தை நீதிபதி ஸ்க்ரட்டன் அவ்வழக்கில் வற்புறுத்தினார். ஒவ்வொரு சங்கமும் தனக்கெனத் தனிச் சட்டம் நடத்தத் தொடங்கினால் நாட்டுக்குப் பொதுவான ஒப்பந்தச் சட்டம் என ஒன்று எஞ்சாது என்னும் அச்சமே இதன் அடிப்படை எனலாம்.

3. சூயஸ் கால்வாயும் நிலக்கடலையும்

வாயில் திறந்திருந்ததன் பயனைக் காட்டுதற்குச் சூயஸ் வழக்குகளைவிடச் சிறந்த சான்று காண்டல் அரிது. 1956 அக்டோபர் 4-ஆம் நாள், சூடானில் விளைந்த 300 டன் நிலக்கடலையை ஹாம்பர்க் நகர நிறுவனமான நோப்ளி தோர்லுக்கு விற்கச் சாக்கிரோகுளு நிறுவனம் உடன்பட்டது. பொருளின் விலை, காப்புறுதி, கப்பற்கூலி ஆகிய மூன்றும் அடங்கிய விலை 1,000 கிலோவுக்கு 50 பவுன். நவம்பர் அல்லது டிசம்பர் மாதத்தில் போர்ட் சூடான் துறையிலிருந்து சரக்கு ஏற்றப்படவேண்டும். எவ்வழியாகக் கப்பல் செல்லவேண்டும் என்பதை ஒப்பந்தம் கூறவில்லை. சூயஸ் வழியே செல்லும் என்று இரு தரப்பினரும் எண்ணியிருந்தனர்.

நவம்பர் 2-ஆம் நாள் கால்வாய் அடைபட்டது. அவ்வழியாக ஹாம்பர்க் ஏறத்தாழ 4,386 மைல். நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் 11,137 மைல். டன்னுக்கு 7 பவுன் 10 ஷில்லிங்காக இருந்த கப்பற்கூலி முனைவழியில் 15 பவுனாக இரட்டித்தது. விற்றவர் சரக்கை ஏற்றவில்லை. எதிர்பாராத நிகழ்ச்சியால் ஒப்பந்தம் தன் பயனை இழந்து தானே முடிவுற்றது என்பது அவர் வாதம். இதனைச் சட்டநூலார் பயனிழப்புக் கோட்பாடு என்பர்.

பிணக்கு முதலில் எண்ணெய்வித்துச் சங்கத்தின் நடுவரிடமும், பின்னர் அச்சங்கத்தின் மேல்முறையீட்டுக் குழுவிடமும் சென்றது. வாங்கியவர்க்கு 5,625 பவுன் இழப்பீடு தரவேண்டும் என்று குழு தீர்ப்பளித்தது. முனைவழியாகச் சரக்கை அனுப்புவது, சூயஸ் வழியாக அனுப்புவதினின்று வணிக முறையிலோ அடிப்படையிலோ வேறுபட்டதன்று என்றும் அது குறிப்பிட்டது. அதன்பின் சட்ட வினா நீதிமன்றத்துக்கு விடுக்கப்பட்டது. 1961 மார்ச்சு மாதம் பிரபுக்கள் அவை, ஒப்பந்தம் பயனிழக்கவில்லை என்று உறுதி செய்தது.

இவ்வழக்கில் இரு செய்திகள் நம் கருத்துக்குரியன. முதலாவது, ஒப்பந்தம் பயனிழந்ததா என்பது முடிவில் சட்ட வினாவே என்று அவை கூறியது. ஆயினும் அவ்வினாவுக்குரிய விடையை ஆய்கையில், கடற்பயணத்தையும் வித்து வணிகத்தையும் அறிந்தோர் கண்ட முடிவு அதன்முன் இருந்தது. வணிக அறிவை நடுவர் நல்கினர். அதனைப் பொதுவிதியாக வடித்தது நீதிமன்றம். இரண்டாவது, இதே கால்வாய் அடைப்பைப் பற்றி இதற்கு முரணான தீர்ப்பு ஒன்று முன்னரே இருந்தது. பெல்ஃபாஸ்ட் துறைக்கு அனுப்பவேண்டிய பருத்திவிதைப் பிண்ணாக்கைப் பற்றிய காரப்பனயோட்டி வழக்கில், ஒப்பந்தம் பயனிழந்தது என்று 1958-இல் நீதிபதி மக்நேர் தீர்ப்பளித்திருந்தார். அவ்வழக்கும் வணிகச் சங்கமொன்றின் நடுவர்களிடமிருந்தே வந்தது. இரண்டும் வெளிப்படையாக இருந்தமையால் அவற்றை ஒப்பிட்டு ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கொள்ள முடிந்தது. இரண்டும் நடுவர் அறைகளிலேயே முடிந்திருந்தால், ஒரே நிகழ்ச்சிக்கு இருவேறு சட்டங்கள் ஒன்றையொன்று அறியாமலே வழங்கியிருக்கும்.

4. வாயில் குறுகியமை

சட்டத்துக்கு ஆக்கமாக அமைந்த இம்முறை வணிகர்க்குச் சுமையாயிற்று. பணம் செலுத்தக் கடமைப்பட்டோர் காலம் கடத்துவதற்காகவே சட்ட வினா எழுப்பலாயினர். நடுவரிடம் ஓராண்டில் முடிந்த பிணக்கு நீதிமன்றப் படிகளில் பல்லாண்டு நீடித்தது. லண்டனை நாடிவந்த அயல்நாட்டு வணிகர் வேறு நகரங்களை நாடுவர் என்னும் அச்சம் எழுந்தது. எனவே 1979-ஆம் ஆண்டுச் சட்டம் வினா விடுக்கும் முறையை ஒழித்து, நீதிமன்றத்தின் இசைவுடன் மட்டும் மேல்முறையீடு செய்ய இடமளித்தது.

1981-இல் நேமா என்னும் கப்பல் வழக்கில் டிப்லாக் பிரபு அவ்விசைவை மேலும் இறுக்கினார். அந்த ஒப்பந்தத்துக்கே உரிய தனிச் சொற்றொடரைப் பற்றிய பிணக்காயின் நடுவரின் பிழை வெளிப்படையாகத் தெரியவேண்டும். வணிகர் பலரும் கையாளும் பொதுப்படிவத்தின் வாசகமாயின் இசைவு சற்று எளிதாகக் கிட்டும் என்பது அவர் வகுத்த நெறி. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69-ஆம் பிரிவும் இவ்வேறுபாட்டைப் பேணியது. ஒரு வினாவின் விடை வழக்காடிய இருவருக்கு மட்டும் உரியதா, வணிக உலகம் முழுமைக்கும் உரியதா என்று கேட்டபின்னரே வாயில் திறக்கப்படுகின்றது என்பதை நோக்குக.

குறுகிய அவ்வாயில் வழியாகவும் பெருவழக்குகள் வந்தன. 2007-இல் கோல்டன் விக்டரி வழக்கு, ஒப்பந்த மீறலுக்குப்பின் நிகழ்ந்த போரையும் கருத்திற்கொண்டு இழப்பீட்டைக் குறைக்கலாமா என்னும் வினாவுக்கு விடை தந்தது. 2008-இல் வந்த அக்கிலியஸ் வழக்கு இன்னும் நுட்பமானது. 2004 மே 2-ஆம் நாளுக்குள் திருப்பித் தரவேண்டிய கப்பலை வாடகைக்கு எடுத்தவர் 11-ஆம் நாள் திருப்பித் தந்தார். அத்தாமதத்தால் கப்பல் உரிமையாளர் அடுத்த வாடகை ஒப்பந்தத்தின் விலையைக் குறைக்க நேர்ந்தது. அம்முழு இழப்பையும் கணக்கிட்டால் 13 இலட்சம் டாலருக்கு மேல்; தாமதமான நாட்களுக்கு மட்டும் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,58,000 டாலர். நடுவர் மூவருள் இருவர் பெருந்தொகையை வழங்கினர். ஆனால் பொறுப்பு தாமத நாட்களுக்கு மட்டுமே உரியது என்பதே கப்பல் வணிகத்தின் பொதுவான எண்ணம் என்பதும் நடுவர் கண்ட நிகழ்வுகளுள் பதிவாகியிருந்தது. பிரபுக்கள் அவை சிறுதொகையே உரியது என்று முடிவுகட்டியபோது, ஹாஃப்மன் பிரபுவின் வாதம் அப்பதிவையே பற்றி நின்றது. இழப்பு எதிர்பார்க்கத்தக்கதா என்று கேட்பதோடு அமையாது, அப்பொறுப்பை உடன்பட்டவர் ஏற்றாரா என்றும் கேட்கவேண்டும் என்னும் புதிய சிந்தனை இவ்வாறு பிறந்தது. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு கையாளும் பொருளும் இதுவே ஆதலின், இது நமக்கு அயலான செய்தியன்று.

எனினும் இத்தகைய வழக்குகள் அருகிவருகின்றன. 2016-இல் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி தாமஸ் பிரபு ஆற்றிய உரையொன்றில், பிணக்குகள் நடுவரிடமே முடிந்துவிடுவதால் பொதுச்சட்டத்தின் வளர்ச்சி தடைப்படுகின்றது என்று கவலை தெரிவித்தார். வணிகர் பணம் செலவிட்டு வழக்காடுவது தம் பிணக்கைத் தீர்க்கவேயன்றிச் சட்டத்தை வளர்ப்பதற்கன்று என்பது மறுதரப்பின் வாதம். இவ்வாதம் வலிமையுடையதே. 2025-ஆம் ஆண்டு ஆங்கிலச் சீர்திருத்தச் சட்டம் 69-ஆம் பிரிவை விரிக்கவுமில்லை, நீக்கவுமில்லை.

5. நீதிமன்றத்துக்கு வெளியே தோன்றிய விதிகள்

ஆங்கிலச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே வேறொரு போக்கு வளர்ந்தது. நியூயார்க் உடன்படிக்கை 1958-இல் தோன்றியது. இந்தியா அதனை 1960-இல் ஏற்றது. ஒரு நாட்டில் வழங்கப்பட்ட நடுவர் தீர்ப்பைப் பிற நாடுகள் நிறைவேற்ற அது வழிவகுத்தது. தீர்ப்பில் சட்டப்பிழை உள்ளது என்பது நிறைவேற்ற மறுப்பதற்குரிய காரணங்களுள் இடம்பெறவில்லை. ஐக்கிய நாடுகளின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 1985-இல் வகுத்த மாதிரிச் சட்டமும் சட்டப்பிழைக்காக மேல்முறையீடு செய்ய இடந்தரவில்லை.

இந்நிலையில் நடுவர் எச்சட்டத்தைக் கையாள்வார் என்னும் வினா எழுந்தது. 1951-இல் அபுதாபி எண்ணெய் உரிமம் பற்றிய பிணக்கில் நடுவராக இருந்த ஆஸ்குவித் பிரபு, தற்கால வணிக ஒப்பந்தங்களுக்கு ஏற்ற சட்டத் தொகுதி அந்நாட்டில் இல்லை என்று கூறி, நாகரிக நாடுகளின் பொதுநெறி என ஒன்றைக் கொண்டார். அந்நெறிக்கு உருக்கொடுக்க ஆங்கிலச் சட்டக் கருத்துகளையே நாடினார். ஒரு நாட்டின் சட்டத்தைப் புறக்கணித்து வேறொரு நாட்டின் சட்டத்தை உலகநெறி எனப் பெயரிட்டு வழங்கும் இவ்வணுகுமுறை பின்னர்க் கடுங்கண்டனத்துக்கு உள்ளானதில் வியப்பில்லை. தனி ஒருவரின் மனத்திலிருந்து எடுக்கப்படும் பொதுநெறி யாருடைய நெறி என்னும் ஐயம் என்றும் நீங்குவதில்லை.

அவ்வையத்துக்கு ஒருவகை விடையாக அமைந்தவை ரோம் நகரிலுள்ள யுனிட்ராய்ட் நிறுவனம் 1994-இல் வெளியிட்ட பன்னாட்டு வணிக ஒப்பந்த நெறிகள். பல நாட்டுச் சட்ட அறிஞர் கூடி எழுத்தில் வடித்த இந்நெறிகள் எந்நாட்டுச் சட்டமன்றமும் இயற்றாதவை. நடுவர் கையாள்வதற்கு ஏற்றவை. இவற்றுள் பெருஞ்சுமைக் கோட்பாடு குறிப்பிடத்தக்கது. ஒப்பந்தத்தின் சமநிலை அடிப்படையில் குலைந்தால், பாதிக்கப்பட்டவர் மறுபேச்சு நடத்தக் கோரலாம். அது பயன்தராவிடின் ஒப்பந்தத்தை முடிக்கவோ திருத்தவோ செய்யலாம். செலவிலோ மதிப்பிலோ 50 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட மாற்றம் அத்தகைய குலைவாகக் கருதப்படக்கூடும் என்று 1994-ஆம் ஆண்டு உரை கூறியது. 2004-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வளவுகோல் நீக்கப்பட்டது. சூடான் நிலக்கடலையின் கப்பற்கூலி இரட்டித்ததை ஈண்டு நினைவுகூர்க. கூலியை மட்டும் நோக்கினால் அவ்வளவுகோல் எட்டப்பட்டது. கூலியும் அடங்கிய முழுவிலையை நோக்கினால் எட்டப்படவில்லை. எதனை அளப்பது என்பதிலேயே முடிவு தங்கியிருந்தது. இத்தகைய வினாக்களுக்கு நடுவர் அளிக்கும் விடைகளுள் பெரும்பாலானவை மறைபொருளாகவே உள்ளன. பெயர்களை நீக்கிய சுருக்கங்கள் சில வெளியிடப்பட்டு வந்துள்ள போதிலும், அவை ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் முன்தீர்ப்புகளாகா.

6. இந்திய நிலை

இந்தியாவில் இவ்வுறவு வேறு வடிவம் கொண்டது. 1960-இல் முடிவான அலோப்பி பர்ஷாத் வழக்கு இராணுவத்துக்கு நெய் வழங்கும் ஒப்பந்தத்தைப் பற்றியது. போர்க்காலத்தில் நிலைமை பெரிதும் மாறியதால் ஒப்பந்தத்தில் கண்டதற்கு மேலான தொகையை நடுவர் வழங்கினர். உச்சநீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. வெளிப்படையான உடன்பாட்டைப் புறக்கணித்து, தெளிவற்ற நீதியுணர்வை மட்டும் காட்டி மிகுதொகை கோர ஒப்பந்தச் சட்டம் இடந்தரவில்லை என்று அது கூறியது. உள்நாட்டு நடுவர் தீர்வில் பிறந்ததாயினும் இவ்விதி இன்றும் எடுத்தாளப்படுகின்றது.

அயல்நாட்டுத் தீர்ப்புகளைப் பொறுத்தவரையில் நீதிமன்றம் அடக்கம் காட்டியது. ரேணுசாகர் நிறுவனத்துக்கும் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கும் இடையே 1964-இல் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்மீது எழுந்த பிணக்கு 1993-இல் முடிவுற்றது. பொதுக்கொள்கைக்கு முரண் என்பதற்குச் சட்டத்துக்கு முரண் என்பது மட்டும் போதாது. இந்தியச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைக்கோ, நாட்டின் நலனுக்கோ, நீதி அல்லது ஒழுக்கத்துக்கோ முரணாக இருத்தல் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் வரையறுத்தது.

மாதிரிச் சட்டத்தைத் தழுவிய 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்வு மற்றும் சமரசச் சட்டம் வினா விடுக்கும் முறையைக் கைவிட்டது. ஆனால் மூடிய வாயிலுக்கு மாற்றாகப் பொதுக்கொள்கை என்னும் சாளரம் திறந்தது. 2003-இல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்துக்கும் சா பைப்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், இந்தியாவில் வழங்கப்படும் தீர்ப்பில் வெளிப்படையான சட்டப்பிழை இருப்பின் அதுவும் பொதுக்கொள்கைக்கு முரணே என்று உச்சநீதிமன்றம் கூறியது. ஐரோப்பிய எஃகாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குழாய்கள் தாமதமாக வந்தன. கழகம் ஒப்பந்தத்தில் முன்னரே குறித்த இழப்பீட்டைப் பிடித்துக்கொண்டது. இழப்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்று நடுவர் அதனை மறுத்தனர். முன்னரே குறித்த தொகை நேர்மையான மதிப்பீடாயின் இழப்பை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பை நீக்கியது. 73, 74-ஆம் பிரிவுகளைப் பற்றிய முதன்மையான விளக்கங்களுள் ஒன்று, ஒரு நடுவர் தீர்ப்பை நீக்கும் முயற்சியின் விளைவாகவே நமக்குக் கிட்டியது. 2015-இல் கைலாஷ்நாத் வழக்கு, இழப்பு நேர்ந்திருத்தல் இன்றியமையாதது என வலியுறுத்தி அவ்விளக்கத்தைச் செப்பம் செய்தது.

சாளரம் அகலவே நடுவர் தீர்ப்புகள் நீண்ட வழக்குகளாயின. எனவே 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைக் குறுக்கியது. 2019-இல் சாங்யாங் வழக்கில், இந்தியாவில் நடைபெறும் பன்னாட்டு நடுவர் தீர்வுக்கு வெளிப்படையான சட்டப்பிழை என்னும் காரணம் பொருந்தாது என்று உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆயினும் அவ்வழக்கிலேயே பெரும்பான்மைத் தீர்ப்பு நீக்கப்பட்டது. ஒரு தரப்பினர் உடன்படாத புதிய ஒப்பந்தத்தை அவர்மீது நடுவர் சுமத்துவது நீதியின் மிக அடிப்படையான கருத்துக்கே மாறானது என்பது காரணம். எத்துணைக் குறுகினும், உடன்பாடே ஒப்பந்தத்தின் உயிர் என்னும் நெறியைக் காக்குமளவு வாயில் திறந்திருக்கின்றது என்பது இதனால் பெறப்படும்.

7. முடிவுரை

2017-இல் உச்சநீதிமன்றத்தின் முன் எனர்ஜி வாட்ச்டாக் என்னும் வழக்கு வந்தது. குஜராத்தின் முந்த்ராவிலுள்ள அனல்மின் நிலையங்கள் இந்தோனேசிய நிலக்கரியை நம்பி மின்கட்டணத்தை உடன்பட்டிருந்தன. இந்தோனேசிய அரசின் புதிய விதிகளால் நிலக்கரி விலை உயர்ந்தது. கூடுதல் செலவை மின்சாரம் வாங்குவோர்மீது சுமத்தலாமா என்பது வினா. விலை உயர்வு மட்டும் ஒப்பந்தத்தைப் பயனிழக்கச் செய்யாது என்று கூறிய நீதிமன்றம், அலோப்பி பர்ஷாத் வழக்கையும் சாக்கிரோகுளு வழக்கையும் எடுத்தாண்டது. இந்தியச் சட்டமாற்றத்தால் விளைந்த இழப்புக்கு மட்டுமே ஈடு கிடைக்க அது வழிவிட்டது.

லண்டன் வித்து வணிகர் அறையொன்றில் 300 டன் நிலக்கடலையைப் பற்றி எழுந்த பிணக்கு, அறுபதாண்டுக்கு அண்மையில், அவ்வணிகரை அறியாத இந்திய மக்களின் மின்கட்டணத்தை முடிவுசெய்யத் துணைநின்றது. அத்தீர்ப்பு நடுவர் அறையிலேயே தங்கியிருப்பின் இஃது இயன்றிராது. நடுவர் தீர்வில் மறைவும் விரைவும் வணிகர்க்கு உரிய நலன்கள், அவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒப்பந்தச் சட்டம் வணிகர்க்கு மட்டும் உரியதன்று. வீடு வாங்குவோரும், பணியமர்வோரும், மின்சாரம் பெறுவோரும் அச்சட்டத்தின் நிழலிலேயே வாழ்கின்றனர்.

2023-ஆம் ஆண்டு இறுதியில் செங்கடலில் வணிகக் கப்பல்கள்மீது தாக்குதல்கள் தொடங்கியபின், கப்பல்கள் பல சூயஸ் வழியை விடுத்து மீண்டும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. கூலி உயர்ந்தது, பழைய வினா புதிய உருவில் எழுந்தது. அப்பிணக்குகளுள் நடுவரிடம் செல்வனவற்றுக்கு நடுவர் அளிக்கும் விடைகள் நமக்குத் தெரியவருமா என்பது, அவ்விடைகள் சரியானவையா என்பதைப் போன்றே முதன்மையான வினாவாகும். பொதுப்படிவங்களைப் பற்றிய தீர்ப்புகளையேனும் பெயர் நீக்கி முழுமையாக வெளியிடும் வழக்கம் பரவுமாயின், வணிகரின் மறைவுக்கு ஊறின்றிச் சட்டத்தின் வளர்ச்சியும் தொடரும். வாயிலை அகலத் திறக்கவேண்டும் என்பதில்லை. அது முற்றிலும் அடைபடாதிருத்தல் வேண்டும்.